ஆன்டிபாடி எங்கே பிடிக்கிறது? இருக்கும் 200 மைக்ரோலிட்டரில் எந்த வழியில் தேடுவது

சிறுநீரக வடிமுடிச்சிலிருந்து எடுத்த புரதச் சாறு. அதையே ஜெல்லின் இரண்டு தடங்களில் ஏற்றுகிறோம். ஒரு தடத்துக்கான கரைசலில் மெர்காப்டோஎத்தனால் கலந்திருக்கிறது. அழுகிய முட்டை போல நாறுமே, அதுதான். இன்னொரு தடத்தில் அது இல்லை. இரண்டையும் வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதங்களைத் தாளில் ஒட்டி, ஆன்டிபாடியால் தேடும் முறை) தாளுக்கு மாற்றி, மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் உள்ள ஒருவரின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் தெளியும் நீர், ஆன்டிபாடிகள் இருப்பது இதில்தான்) மேலே விடுகிறோம். மெர்காப்டோஎத்தனால் இல்லாத தடத்தில் 185 கிலோடால்டன் அருகே ஒரு பட்டை தெரிகிறது. மற்றத் தடம் வெறுமையாக இருக்கிறது.

2009இல் அந்த நோயின் முக்கிய இலக்கான பிஎல்ஏ2ஆர் என்ற ஏற்பி வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான். சோதித்த 37 பேரில் 26 பேரின் சீரம் அதைப் பிடித்தது. மெர்காப்டோஎத்தனால் செய்கிற வேலை ஒன்றுதான்: புரதத்தின் மடிப்புகளைக் கட்டி வைத்திருக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை அறுத்துவிடும். அமினோ அமில வரிசையில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனாலும் ஆன்டிபாடிக்கு அந்தப் புரதம் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் மெர்காப்டோஎத்தனால் சேர்ப்பதுதான் வழக்கம். வழக்கப்படியே செய்துவிட்டுப் போயிருந்தால், "இந்த நோயாளிகளிடம் ஆன்டிபாடி எதுவும் இல்லை" என்று எழுதி மூடியிருப்பார்கள்.

ஆட்டோ ஆன்டிபாடி, அதாவது சொந்த உடலையே தாக்கும் ஆன்டிபாடி, ஒரு புரதத்தின் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று தேட உட்காரும் யாருக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். முறைகள் நிறைய இருக்கின்றன. பெப்டைடு வரிசை, ஃபேஜ், எலிசா, உயிருள்ள செல்லில் செய்யும் சோதனை, ஹைட்ரஜன்–டியூட்டீரியம் மாற்றம், படிகம், கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி (உறைய வைத்த புரதத்தைப் படமெடுப்பது). பெரும்பாலான லேப்களில் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எது என்று கேட்டால், ஏற்கெனவே அங்கே எந்தக் கருவி நிற்கிறதோ அதுதான். அது தப்பான தொடக்கம். ஒவ்வொரு முறையும் புரதத்தை ஒரு குறிப்பிட்ட உருவத்தில்தான் ஆன்டிபாடியிடம் நீட்டுகிறது. உடலுக்குள் ஆன்டிபாடி பார்த்த உருவமும் நாம் நீட்டும் உருவமும் ஒன்றாக இல்லையென்றால், "இல்லை" என்று வரும் முடிவுக்குப் பொருளே கிடையாது.

சரி, கணக்குக்கு ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். நோய் தெரியும். இலக்குப் புரதமும் ஏறக்குறைய தெரியும். ஃப்ரீசரில் அந்த நோயாளியின் சீரம் 200 மைக்ரோலிட்டர் இருக்கிறது, இனி கிடைக்காது. பிடி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பிடி என்பது என்ன

ஆன்டிபாடியின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஆறு வளையங்கள் இருக்கின்றன. அந்த வளையங்கள் சேர்ந்து புரதத்தின் மேற்பரப்பில் ஒரு திட்டின் மேல் கவிகின்றன. அந்தத் திட்டுக்குத்தான் எபிடோப் என்று பெயர். பொதுவாக அதில் 15 முதல் 20 அமினோ அமிலங்கள் வரை தொடர்புக்கு வரும். அவை எல்லாமே சமமாக உழைப்பதில்லை; நாலைந்து மட்டுமே பிடியின் பெரும் பலத்தைத் தாங்கும், மற்றவை ஒட்டி நிற்கும்.

இங்கேதான் சிக்கல். புரதம் என்பது மடிந்த நூல். மேற்பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அமினோ அமிலங்கள், வரிசையில் ஒன்று 40ஆவதாகவும் இன்னொன்று 130ஆவதாகவும் இருக்கலாம். நூலைப் பிரித்துவிட்டால் திட்டே கலைந்துபோகும். மடிந்த புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட திட்டைத்தான் பிடிக்கின்றன. நூலின் ஒரே துண்டை மட்டும் பிடிப்பவை சிறுபான்மை.

இதோடு இன்னும் மூன்று விசித்திரங்கள். சில எபிடோப்கள் புரதத்துக்குள் மறைந்திருக்கும். குட்பாஸ்சர் நோயில் இலக்கு, சிறுநீரக அடித்தளச் சவ்வில் உள்ள நான்காம் வகைக் கொலாஜன். அதன் ஆறு முனைகள் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு நிற்கும்போது எபிடோப் உள்ளே மறைந்துவிடும். அந்தப் பூட்டு பிரிந்தால்தான் ஆன்டிபாடி நன்றாகப் பிடிக்கும். இரண்டாவது, புரதம் உருவான பிறகு அதில் நடக்கும் வேதி மாற்றம். முடக்குவாதத்தில் ஆர்ஜினின் சிட்ருலினாக மாறுவது இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். மூன்றாவது, ஒரு புரதம் தனியாக நின்றால் பிடிக்காமல், கூட்டமாக நெருக்கி நின்றால் மட்டும் பிடிப்பது. தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் இதைப் பார்ப்போம்.

ஆக, நோயாளியின் ஆன்டிபாடி தேடுவது மடிந்ததா, பிரிந்ததா, மறைந்ததா, மாறியதா, கூட்டமா? இந்த ஐந்தில் எதன் மேல் பந்தயம் கட்டப்போகிறோம் என்பதைச் சொல்லாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பெப்டைடு வழி: மலிவு, வேகம், பாதிக் குருடு

300 அமினோ அமிலம் நீளமுள்ள புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 அமினோ அமிலத் துண்டுகளாக, ஒவ்வொரு முறையும் 3 தள்ளி வெட்டிக்கொண்டே போனால் சரியாக 96 துண்டு வரும். ஒரு சாதாரண 96 குழித் தட்டில் புரதம் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு. மேலே நீர்த்த சீரம். மறுநாளே எந்தக் குழி நிறம் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்தடுத்த மூன்று, நான்கு குழிகள் சேர்ந்து ஒளிர்ந்தால் அவற்றுக்குப் பொதுவான பகுதிதான் பிடி. அப்புறம் அந்தத் துண்டில் ஒவ்வோர் எழுத்தாக அலனினுக்கு மாற்றிப் பார்த்தால், எந்த அமினோ அமிலம் இல்லாமல் பிடி விடுகிறது என்றும் சொல்லிவிடலாம். 1984இல் ஊசிமுனைகளில் பெப்டைடுகளை வளர்த்து, கோமாரி நோய் வைரஸின் புரதத்தை இப்படி ஸ்கேன் செய்ததிலிருந்தே இதன் அடிப்படை மாறவில்லை.

இதையே மனிதப் புரதங்கள் அனைத்துக்கும் விரித்தால் ஃபேஜ் நூலகம் வருகிறது. ஒவ்வொரு ஃபேஜ் வைரஸும் தன் மேற்பரப்பில் ஒரு பெப்டைடைச் சுமக்கும். அதன் உள்ளேயுள்ள டிஎன்ஏ அந்தப் பெப்டைடின் பெயர்ச்சீட்டு. சீரத்தின் ஆன்டிபாடி எந்த ஃபேஜைப் பிடித்து இழுத்து வருகிறது என்பதை டிஎன்ஏ வரிசையைப் படித்தே சொல்லிவிடலாம். 2011இல் வெளியான முதல் நூலகத்தில் 36 அமினோ அமில நீளமுள்ள 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகள் இருந்தன. விந்தணுச்சுரப்பிக் கட்டியோடு சேர்ந்து வரும் ஒரு வகை மூளை அழற்சியில் கேஎல்ஹெச்எல்11 என்ற புரதம்தான் இலக்கு என்று 2019இல் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான். இலக்கே தெரியாதபோது இதற்கு ஈடான முறை இல்லை என்பேன். செலவாகும் சீரத்தைப் பாருங்கள்: ஒரு சோதனைக்கு 2 மைக்ரோகிராம் ஐஜிஜி (ரத்தத்தில் மிகுதியாக உள்ள ஆன்டிபாடி வகை) போதும். சீரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஐஜிஜி இருக்கிறது என்றால், அது 0.2 மைக்ரோலிட்டர். நம் 200இல் கண்ணுக்கே தெரியாத செலவு.

ஆனால் நமக்கு இலக்கு தெரியும். இடம்தான் தெரியாது. அங்கே பெப்டைடு வழி சறுக்கும். பிஎல்ஏ2ஆருக்கு 15 எழுத்துத் துண்டுகளை நீட்டினால், மெர்காப்டோஎத்தனால் தடத்தில் பார்த்த அதே வெறுமைதான் பெரும்பாலும் வரும். சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய எபிடோப், தூரத்துத் துண்டுகள் சேர்ந்த எபிடோப் இரண்டும் இங்கே கிடையாது. பாக்டீரியாவில் வளரும் ஃபேஜில் சிட்ருலினும் தானாக வராது. நூலகத்தை நொதி கொண்டு தனியாக மாற்ற வேண்டும்.

பெப்டைடு நன்றாக வேலை செய்த இடம் முடக்குவாதம்தான். 1998இல் சிட்ருலின் உள்ள பெப்டைடுகளை முடக்குவாத சீரங்கள் பிடிக்கின்றன என்று தெரிந்தது. ஆர்ஜினின் சிட்ருலினாகும்போது எடை ஒரு டால்டன் மட்டுமே கூடுகிறது. ஆனால் அங்கிருந்த நேர்மின்சுமை போய்விடுகிறது. அந்த ஒரு சுமைக்காகவே ஆன்டிபாடி பிடிக்கிறது அல்லது விடுகிறது. இதில் சுவையான விஷயம் அடுத்து நடந்தது. நேரான பெப்டைடில் இரண்டு செரின்களைச் சிஸ்டீனாக்கி, இரண்டையும் பூட்டி வளையமாக்கினார்கள். பிடி தேறியது. நோய் இல்லாதவர்களில் 98 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியபடியே, 68 விழுக்காடு நோயாளிகளை அந்த ஒரே வளையம் கண்டுபிடித்தது. இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் சிசிபி சோதனையின் பெயரில் முதல் 'சி' அந்த வளையத்தைத்தான் குறிக்கிறது. நேரான துண்டு போதும் என்று நாம் நினைக்கும் இடத்திலும் ஆன்டிபாடி ஒரு வளைவை எதிர்பார்க்கிறது.

எலிசா: தட்டும் ஒரு வேதிப்பொருள்தான்

முழுப் புரதத்தையே தட்டில் ஒட்டிச் செய்யும் எலிசா பெப்டைடைவிட ஒரு படி மேலே. எண்ணிக்கையாக முடிவு தரும், ஒரே நாளில் நூறு சாம்பிளைப் பார்க்கலாம். ஆனால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் புரதம் ஒட்டும்போது ஓரளவு தட்டையாகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த முகம் பிளாஸ்டிக்கில் ஒட்டியதோ அந்த முகத்தில் உள்ள எபிடோப் போனது போனதுதான்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் இலக்கு பீட்டா-2-கிளைக்கோபுரதம்-1. ஐந்து பகுதிகள் சங்கிலியாகக் கோத்த புரதம் அது. ரத்தத்தில் வட்டமாகச் சுருண்டு கிடக்கும்போது முதல் பகுதியும் ஐந்தாம் பகுதியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எபிடோப் உள்ள முதல் பகுதி மூடிக்கிடக்கும். எதிர்மின் கொழுப்புப் பரப்பில் பட்டதும் தூண்டில் முள் போல நிமிர்ந்து, முதல் பகுதியை வெளியே நீட்டும். சாதாரணத் தட்டில் இந்தப் புரதத்தை ஒட்டினால் ஆன்டிபாடி ஏறக்குறைய எட்டிப் பார்க்காது. கதிர்வீச்சுப் பாய்ச்சி ஆக்சிஜனேற்றம் செய்த தட்டில் ஒட்டினால் பிடிக்கும் என்று 1994இல் காட்டினார்கள். இங்கே தட்டு புரதத்தின் உருவத்தை மாற்றியது நமக்கு உதவியாக முடிந்தது.

தோலில் கொப்புளம் வரும் பெம்பிகஸ் நோயில், தோல் செல்களை ஒட்டவைக்கும் டெஸ்மோக்ளீனின் கதை வேறு. அந்தப் புரதத்தின் பகுதிகளுக்கு இடையே கால்சியம் அயனிகள் ஆணி போல நின்று அதை விறைப்பாக வைத்திருக்கின்றன. பஃபரில் கால்சியம் போடாமல் விட்டாலோ, பழக்க தோஷத்தில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவைச் சேர்த்துவிட்டாலோ, ஆன்டிபாடி பிடிக்கும் இடம் தளர்ந்துவிடும். நோயாளியின் தோலில் கொப்புளம் இருக்கும். நம் தட்டில் ஒன்றும் இருக்காது. தேய்ந்த பழக்கம் கையை ஈடிடிஏ பாட்டிலுக்கு இழுக்கும், கவனமாக இருங்கள்.

இடம் கண்டுபிடிக்கும் வேலைக்கு எலிசாவை எப்போது எடுப்பேன்? புரதத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, ஒவ்வொரு பகுதியும் தனியாக மடிந்து நிற்கும் என்று தெரிந்தால் மட்டும். அதற்கு முன்னால் இல்லை.

உயிருள்ள செல்: நான் முதலில் எடுப்பது

நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையின் மேல் உள்ள மாக் என்ற புரதத்தின் கதையைச் சொன்னால் என் சாய்வு ஏன் என்று புரியும். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு நோய் யாருக்கு வரும் என்பதை மாக் ஆன்டிபாடி முன்கூட்டியே சொல்லும் என்று 2003இல் வெஸ்டர்ன் பிளாட் அடிப்படையில் ஓர் ஆய்வு வந்தது. பெரிய பரபரப்பு. 2007இல் அதைவிடப் பெரிய குழுவில் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை. பிரித்துப்போட்ட மாக்கை யார் யார் சீரமோ பிடித்துக்கொண்டிருந்தது; அதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. பின்னர் மாக்கை உயிருள்ள மனிதச் செல்லின் மேற்பரப்பில், மடிந்தபடியே நிறுத்திச் சோதித்தபோதுதான் தெளிவு வந்தது. மல்டிபிள் ஸ்கிலரோசிஸிலிருந்து வேறான, தனி நோய் ஒன்று அங்கே இருந்தது.

செய்முறை எளிது. ஹெக்293 என்ற, லேப்பில் வளர்க்கும் மனிதச் செல்களில் அந்தப் புரதத்தின் மரபணுவைச் செலுத்துகிறோம். ஒரு நாளில் செல்லின் மேற்பரப்பில் புரதம் வந்துவிடும். செல்லை ஃபார்மலின் போட்டுக் கொல்லாமல், பனிக்கட்டியின் மேல் வைத்தபடி சீரத்தை விட்டு, கழுவி, நோயாளியின் ஆன்டிபாடியைப் பிடிக்கும், ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியைச் சேர்க்கிறோம். பக்கத்துத் தட்டில் மரபணு செலுத்தாத அதே செல்கள். வித்தியாசம்தான் விடை. ஒரு சோதனைக்கு ஓரிரு மைக்ரோலிட்டர் சீரம்தான் செலவு.

ஆனால் இது இலக்கைத்தானே உறுதி செய்கிறது, இடத்தை எப்படிச் சொல்லும்? இங்கேதான் இந்த வழியின் உண்மையான பலம். செல்லில் செலுத்தும் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றினால் புரதத்திலும் ஓர் அமினோ அமிலம் மாறும், மீதி மடிப்பு அப்படியே இருக்கும். மாக்கில் இப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில், நோயாளிகளில் மிகப் பெரிய கூட்டத்தினரின் ஆன்டிபாடி 42ஆவது இடத்தில் உள்ள புரோலினை நம்பியே பிடிக்கிறது என்று 2013இல் தெரியவந்தது. எலியின் மாக்கில் அந்த இடத்தில் புரோலின் இல்லை, செரின் இருக்கிறது. எலிப் புரதம் கிடைப்பது எளிது என்று அதை வாங்கிச் சோதித்தவர்கள் பாதி நோயாளிகளைத் தவறவிட்டது இதனால்தான். ஒரே ஓர் அமினோ அமிலம்.

சகோதரப் புரதத்தின் துண்டை மாற்றி ஒட்டிப் பார்ப்பதும் இதே வகை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கான ஏற்பியின் ஒரு பகுதியை, அதன் நெருங்கிய உறவான எல்ஹெச் ஏற்பியின் பகுதியால் மாற்றினால் ஏற்பி இன்னும் மடிந்து, இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கும். எந்தப் பகுதியை மாற்றும்போது ஆன்டிபாடி விடுகிறது என்று பார்த்தால் போதும். உறவே இல்லாத புரதத்தின் துண்டை ஒட்டினால் எல்லாம் குலைந்துவிடும். பிடி விட்டதா, மடிப்பு விட்டதா என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்திருக்கிறதா என்று வேறோர் ஆன்டிபாடியாலோ, ஒட்டிவிட்ட அடையாளத் துண்டாலோ உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாத எபிடோப் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

கூட்டம் சேர்ந்தால் மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடிகளுக்கும் செல்தான் கதி. மயஸ்தீனியா கிராவிஸில் அசிட்டைல்கோலின் ஏற்பிதான் பெரும்பாலானோருக்கு இலக்கு. கரைசலில் உள்ள ஏற்பியை வைத்துச் செய்யும் வழக்கமான சோதனையில் சிலருக்கு எதுவும் வராது. 2008இல் ராப்சின் என்ற புரதத்தையும் சேர்த்துச் செல்லில் செலுத்தினார்கள். நரம்பு–தசைச் சந்திப்பில் இருப்பது போலவே ஏற்பிகள் செல்லின் மேல் நெருக்கியடித்து நின்றன. "ஆன்டிபாடி இல்லை" என்று எழுதப்பட்ட கணிசமானவர்களின் சீரம் இப்போது பிடித்தது. பலமில்லாத ஆன்டிபாடிதான், ஆனால் இரண்டு கைகளாலும் இரண்டு ஏற்பிகளைப் பிடித்துத் தொங்க முடிந்தால் விழாது. மூளைச் செல்களின் நீர்வழிப் புரதமான அக்வாபோரின்-4இலும் இப்படித்தான். அதன் எம்23 வடிவம் சவ்வில் பெரிய சதுர அடுக்குகளாகச் சேரும், எம்1 அவ்வளவாகச் சேராது. எம்23 உள்ள செல்லில் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) சீரங்கள் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அடுக்கில் அருகருகே குவியும் ஆன்டிபாடிகள்தான் செல்லைத் துளைத்துக் கொல்லும் ரத்தப் புரதக் கூட்டமான காம்ப்ளிமென்டையும் கூப்பிடுகின்றன.

குறைகளும் இருக்கின்றன. ஒளிர்வதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும்போது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாம் ஆன்டிபாடி, ஐஜிஎம் என்ற இன்னோர் ஆன்டிபாடி வகையையும் சேர்த்துப் பிடித்தால், நோய் இல்லாதவர்களும் ஒளிர்வார்கள். மாக் சோதனையில் இந்தக் கோளாறு நிறையக் குழப்பியது. செல்லுக்குள்ளே வாழும் இலக்குகளுக்கு உயிருள்ள செல் உதவாது. சவ்வைத் துளைக்க வேண்டும், துளைத்தால் உயிருள்ள செல்லின் ஆதாயம் போய்விடும்.

படிகம், கிரையோ, டியூட்டீரியம்

இங்கே முதலில் ஒரு கணக்கு. நம் 200 மைக்ரோலிட்டரில் மொத்த ஐஜிஜி 2 மில்லிகிராம் அளவுதான். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நம் இலக்கைப் பிடிப்பது என்று தாராளமாக வைத்தாலும் 2 மைக்ரோகிராம். அதுவும் ஒரே ஆன்டிபாடி இல்லை, பத்து வகை கலந்த கூட்டம். படிகம் வளர்க்க இதைக் கொண்டு தொடங்க முடியாது. நோயாளியின் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லிலிருந்து ஒற்றை ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்து, அதை லேப்பில் மில்லிகிராம் கணக்கில் தயாரிக்க வேண்டும். ரத்தம் வேண்டும், சீரம் போதாது. ஆகவே நம் நிலைமையில் இந்த வழி பெரும்பாலும் மூடப்பட்டது.

கிடைத்துவிட்டால் அதைப்போல ஒன்று கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். தைராய்டு மிதமிஞ்சி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோய் உள்ள ஒருவரிடமிருந்து எடுத்த எம்22 என்ற ஆன்டிபாடி, தைராய்டு ஏற்பியின் வெளிப்பகுதியோடு சேர்ந்திருப்பதை 2007இல் 2.55 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் படிகமாகப் பார்த்தார்கள். ஹார்மோன் உட்காரும் அதே குழிவில், ஏறக்குறைய அதே சாயலில் அது உட்கார்ந்திருந்தது. உடல் தயாரித்த ஒரு போலி ஹார்மோன் என்றே சொல்லலாம். பிறகு கே1-70 என்ற இன்னோர் ஆன்டிபாடியின் படிகமும் வந்தது. அதுவும் அதே குழிவின் மேல்தான் படிந்திருந்தது. ஆனால் எம்22 ஏற்பியைத் தூண்டும், கே1-70 தடுக்கும். ஒருவருக்குத் தைராய்டு மிதமிஞ்சி வேலை செய்கிறது, இன்னொருவருக்கு நின்றுபோகிறது. ஆன்டிபாடி நிற்கும் முகவரி ஏறக்குறைய ஒன்றுதான். பிடிக்கும் இடம் தெரிந்துவிட்டால் விளைவும் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தச் சோடியை ஒருமுறை பார்க்க வேண்டும். கிரேவ்ஸில் பிடிப்பை மட்டும் அளக்கும் சோதனையும், செல்லில் தூண்டல் நடக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

டியூட்டீரியம் வழி நடுவில் நிற்கிறது. புரதத்தைக் கன நீரில் நனைத்தால், முதுகெலும்பில் உள்ள ஹைட்ரஜன்கள் மெல்ல டியூட்டீரியமாக மாறும். ஆன்டிபாடி மூடியிருக்கும் இடத்தில் மாற்றம் மெதுவாகும். அமிலத்தன்மையை பிஹெச் 2.5க்கும் வெப்பத்தை பூஜ்யத்துக்கும் கொண்டுவந்து நிறுத்தி, பெப்சினால் வெட்டி, எடை பார்த்தால் எந்தத் துண்டு நனையாமல் தப்பியது என்று தெரியும். படிகம் வேண்டாம், புரதம் கரைசலில் இயல்பாக மடிந்தே இருக்கும். ஆனால் இதற்கும் சுத்தமான ஒற்றை ஆன்டிபாடி வேண்டும். மேலும், ஓரிடத்தில் பிடித்ததால் தூரத்தில் புரதம் இறுகினாலும் அங்கேயும் நிழல் விழும். அது பிடியா நிழலா என்று தனியாகச் சோதிக்காமல் சொல்லக்கூடாது.

ஒற்றை ஆன்டிபாடியில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு நோயாளியின் ஒரு பி செல் தந்த ஒரே ஆன்டிபாடியின் அழகான படத்தைப் பார்த்துவிட்டு, அந்த நோயே அப்படித்தான் என்று எழுதிவிடத் தோன்றும். அந்த ஆன்டிபாடி எல்லா நோயாளிகளின் சீரத்தோடும் இடத்துக்குப் போட்டி போடுகிறதா என்று பார்த்திருந்தால் மட்டும் அப்படி எழுதலாம்.

சரி, எப்படிப் பங்கிடுவது

நான் செய்வேன் என்றால் இப்படி. முதலில் சீரத்தை 20 மைக்ரோலிட்டர் கொண்ட பத்துக் குழாய்களாகப் பிரித்துவிடுவேன். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் ஆன்டிபாடி திரண்டு கெட்டுப்போகும்.

முதல் குழாய் உயிருள்ள செல் சோதனைக்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கும். பிளாட்டில் தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு தடமும் கட்டாயம்: மெர்காப்டோஎத்தனாலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இந்த மூன்று முடிவையும் அருகருகே வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். செல்லில் பிடித்து, மெர்காப்டோஎத்தனால் இல்லாத தடத்தில் மட்டும் பிடித்தால், பெப்டைடில் பணத்தைக் கொட்ட வேண்டாம். நேராக மாற்றுருக்கள் (ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய புரதங்கள்) வரிசைக்குப் போகலாம். செல்லில் பிடித்து, இரண்டு தடத்திலும் வெறுமையாக இருந்தால் மடிப்பு இன்னும் நுட்பமானது. கால்சியம், கூட்டம் இரண்டையும் சந்தேகிக்கலாம். இரண்டு தடத்திலும் பிடித்தால் 96 குழித் தட்டுக்குத் தாராளமாகப் போகலாம். செல்லில் பிடிக்காமல் பிளாட்டில் மட்டும் பிடித்தால், மாக்கின் 2003 ஆண்டை நினைத்துக்கொண்டு ஒரு நாள் யோசிப்பேன்.

இது வெறும் இடம் தேடும் வேலை என்று நினைக்க வேண்டாம். ஜிஏடி65 என்ற நொதியைப் பாருங்கள். டைப் 1 சர்க்கரை நோயாளிகளின் ஆன்டிபாடி பெரும்பாலும் மடிந்த உருவத்தையே பிடிக்கும். வெஸ்டர்ன் பிளாட்டில் அவ்வளவாகத் தெரியாது. உடல் விறைத்துப்போகும் ஸ்டிஃப் பெர்சன் நோயில் அதே நொதிக்கு எதிரான ஆன்டிபாடி பல மடங்கு அதிகமாக இருப்பதோடு, பிரிந்துபோன உருவத்தையும் பிடித்துப் பட்டை காட்டும். ஒரே புரதம், இரண்டு நோய். எந்தத் தடத்தில் பட்டை எழுந்தது என்பதே ஒரு குறிப்பு.

அடுத்த மூன்று குழாய்கள் மாற்றுருக்களுக்கு. ஒரு மாற்றுருவுக்கு ஓரிரு மைக்ரோலிட்டர் என்று வைத்தால் முப்பது, நாற்பது மாற்றங்களைப் பார்க்கலாம். எல்லா இடத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மேற்பரப்பில் துருத்தி நிற்பவை, எலிக்கும் மனிதருக்கும் வேறுபடுபவை, சர்க்கரை ஒட்டும் இடங்கள் என்று தொடங்கினால் போதும். ஐந்தாம் குழாயிலிருந்து ஃபேஜுக்கு ஒரு துளி: விலை குறைவு, எதிர்பாராத இரண்டாம் இலக்கு ஏதாவது இருந்தால் அது மட்டுமே காட்டும். பெப்டைடு தட்டுக்கு ஒரு குழாய், அதுவும் பிளாட் அனுமதித்தால்.

மீதி நான்கு குழாய்களைத் தொடமாட்டேன். இடம் தெரிந்த பிறகுதான் நல்ல கேள்விகள் வரும். பிடிப்பது ஐஜிஜி1ஆ, ஐஜிஜி4ஆ? காம்ப்ளிமென்டைக் கூப்பிடுகிறதா, அல்லது தசையின் மஸ்க் புரதத்தில் ஐஜிஜி4 செய்வது போல இரண்டு புரதங்கள் சேர்வதை மட்டும் நடுவில் நின்று தடுக்கிறதா? அந்தக் கேள்வி வரும் நாளில் குழாய் உருகாமல் இருக்க வேண்டும். மூடியில் தேதியை எழுதும்போது பென்சிலில் எழுதுங்கள். மைனஸ் 80இல் சாதாரண இங்க் எழுத்து பனியோடு சேர்ந்து உரிந்துவிடலாம்.